வேண்டாம் என்று போட்ட ஓட்டு

வாயை மூடிக்கொண்டிருந்தால் ஜெயித்திருப்பாய் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறும். பூதப்பாண்டிப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். எங்கள் ஊர்க் கூட்டங்களில் பெண்களுக்கு நாற்காலியே கிடையாது. ஆண்களில் ஒரு முடிவு பிடிக்காதவர்களும் எழுந்து எதிர்க்க மாட்டார்கள். அன்றைக்கு வயலில் ஆள் நிற்கிறது என்று சொல்லி வராமல் இருந்துவிடுவார்கள். அதற்குப் பெயர் கௌரவமாம்.

நான் வேலை பார்த்தது ஒரு பிளாக்செயின் அமைப்புக்கு. அதற்கு முதலாளி இல்லை. அதன் டிஜிட்டல் நாணயமான டோக்கனை வைத்திருப்பவர்கள் இணையத்தில் ஓட்டுப் போட்டு முடிவெடுப்பார்கள்; ஒரு டோக்கனுக்கு ஓர் ஓட்டு. கல்லூரியில் என்னோடு படித்து, இப்போது வடசேரியில் செல்போன் கடை வைத்திருக்கும் நண்பனும் நானும் அதன் தமிழ் உதவி அறையை நடத்தினோம். இந்த லிங்கைத் தொடலாமா, டோக்கன் கணக்கைத் திறக்கும் ரகசியச் சொற்களை யாருக்காவது சொல்லலாமா என்று கேட்பவர்களுக்குத் தமிழில் பதில் சொல்வதுதான் வேலை. மஸ்கட்டில் இருக்கும் நர்ஸ் ஒருத்தி, கம்பெனியிலிருந்து பேசுகிறேன் என்ற ஒருவனிடம் எல்லாவற்றையும் ஒப்புவிக்கப் போனவள், எதற்கும் கேட்டுப் பார்ப்போம் என்று எங்கள் அறைக்கு வந்தாள். பிழைத்தாள்.

ஒரு நாள் அமைப்பின் பொது மன்றத்தில் ஒரு முன்மொழிவு வந்தது. ஆங்கிலம் தவிர மற்ற உதவி அறைகளை மூடிவிடலாம், இயந்திர மொழிபெயர்ப்பு போதும் என்று. சில நாள் விவாதம், பிறகு வாக்கெடுப்பு. நிறைவேறினால் சில நாள் இடைவெளி விட்டுக் கணினி நிரல் தானாகவே அதைச் செய்து முடிக்கும். காலில் விழுவதற்குக்கூட அங்கே ஆள் கிடையாது.

நான் சும்மா இருப்பேனா? சில்லறை டோக்கன் வைத்திருந்த தமிழர்களையெல்லாம் தேடித் தேடிக் கூப்பிட்டேன். நண்பன் கடைக்கு டெம்பர் கிளாஸ் ஒட்ட வந்தவர்களில் டோக்கன் இருந்தவர்களைக்கூட விடவில்லை. அங்கேயே நிறுத்தி ஓட்டுப் போட வைத்தான். எல்லோரும் 'வேண்டாம்' என்றே போட்டோம். டோக்கனைக் குவித்து வைத்திருக்கும் பெரிய கைகள் பலர் எட்டிப் பார்க்கவில்லை. வந்த ஒரு சிலர் 'வேண்டும்' என்று போட்டார்கள். அந்த ஒரு சிலரின் டோக்கனே எங்கள் எல்லோரையும்விட அதிகம். முன்மொழிவு நிறைவேறியது.

மறுநாள் விதிகளை உட்கார்ந்து படித்த நண்பன் என்னைக் கூப்பிட்டான். ஓட்டு செல்லுபடியாக வேண்டுமென்றால் இவ்வளவு டோக்கனாவது பதிவாக வேண்டும் என்று ஒரு குறைந்தபட்ச அளவு உண்டு. சங்கக் கூட்டங்களில் கோரம் என்போமே, அதுதான். அந்தக் கணக்கில் 'வேண்டாம்' ஓட்டும் சேரும்.

"மக்கா, நாம சும்மா கெடந்திருந்தாலே போதும். அவனுவ ஓட்டு மட்டும் எட்டியிருக்காது. நமக்க ஓட்டுதான் கோரத்த நெறச்சிருக்கு, கேட்டியா?"

போதாக்குறைக்கு, முன்மொழிவைக் கொண்டுவந்தவர் தமிழ் நண்பர்களின் உற்சாகமான பங்கேற்புக்கு நன்றி என்று மன்றத்தில் எழுதினார். அதைப் படித்துவிட்டு அழுதேன். ஆத்திரத்தில் வந்த அழுகை. இடைவெளி முடிந்ததும் அறை மூடிக்கொண்டது. மஸ்கட்டிலிருந்து அந்த நர்ஸ், அக்கா, இனி யாரிடம் கேட்பது என்று எனக்குத் தனியாக எழுதினாள்.

தெரிந்தவர் தெரியாதவர் எல்லோரும் புத்தி சொன்னார்கள், அடுத்த முறை பேசாமல் இரு என்று. நான் யோசித்துப் பார்த்தேன். பேசாமல் இருந்தால் அறை தப்பியிருக்கும், உண்மைதான். ஆனால் தமிழில் இங்கே யாருமே இல்லை என்று சொல்லி அடுத்த மாதம் அதே முன்மொழிவைக் கொண்டுவருவார்கள். இல்லாதவளாக நடித்துத்தான் பிழைக்க வேண்டும் என்றால் அந்தப் பிழைப்பு எனக்கு வேண்டாம்.

அறையைத் திறக்கச் சொல்லி நானே ஒரு முன்மொழிவு எழுதினேன். முதலில் தமிழ், கீழே ஆங்கிலம். ஒருவர் வந்து ஆங்கிலத்தை மேலே போடக்கூடாதா என்று கேட்டார். கொஞ்சம் கீழே இறங்கிப் படியுங்கள் என்றேன். முன்மொழிவு வைக்கவே குறிப்பிட்ட அளவு டோக்கனின் ஓட்டுரிமை கையில் வேண்டும். நர்ஸ் உட்பட பலர் தங்கள் ஓட்டுரிமையை என் பெயருக்கு மாற்றிக் கொடுத்தார்கள்.

இந்த முறை பெரிய கைகள் உஷாராகிவிட்டன. ஒருவரும் வரவில்லை. விழுந்த ஓட்டெல்லாம் 'வேண்டும்' என்றே விழுந்தும் கோரம் கொஞ்சத்தில் எட்டவில்லை. அவர்களில் ஒருவர் வந்து 'வேண்டாம்' என்று போட்டிருந்தாலே அது நிறைந்து, நாங்கள் ஜெயித்திருப்போம். அது அவர்களுக்கும் தெரியும்.

அப்புறம் ஒரு பெரிய கை எனக்குத் தனியாகச் செய்தி அனுப்பினார். இனி சத்தம் போடாமல் இருந்தால் ஆங்கில அறையில் எனக்கு ஓர் இடம் உண்டாம். அதையும் முன்மொழிவாக மன்றத்தில் வையுங்கள், எல்லோரும் ஓட்டுப் போடட்டும் என்று பதில் எழுதினேன்.

போன வாரம் அதே முன்மொழிவை, ஒரு சொல் மாற்றாமல், மறுபடியும் வைத்தேன். நண்பன் கடையிலிருந்து கூப்பிட்டான். அவன் குரலில் களைப்பு தெரிந்தது.

"இன்னும் எத்தன தடவ போடப் போற மக்கா?"

"அவனுவ வந்து வேண்டாம்னு சொல்லுத வர."