மடிப்பில் முறியாத பூ: பாரிஸிலிருந்து புரூஜுக்கு ஒரு நாள்

எனக்கும் ஓவியத்துக்கும் ஒரு தொடர்பும் இல்லை. 2017 ஜூனில் பெல்ஜியத்தின் புரூஜ் நகருக்கு நான் போனது, மகள் ஆரணிக்கு ஒரு பதில் சொல்வதற்காக. கணக்கியல் மேற்படிப்புக்கும் அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. புரூஜ் இருக்கும் பிளாந்தர் பகுதியின் பழைய ஓவியங்களைப் படிக்கவும் கிடைத்திருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் ஒன்றை உறுதிசெய்ய வேண்டும். அவளுக்கு ஓவியம்தான் விருப்பம். நானோ பாரிஸ் புறநகர் பொண்டியில் வீடு வீடாகப் பை தூக்கிச் சேலை விற்று, பிறகு பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த ரூ காய் தெருவில் கடை போட்டவன். சரக்கைப் பார்க்காமல் ஓம் சொல்லிப் பழக்கமில்லை.

"பிள்ளை, படம் பாத்தா ஆர் சம்பளம் தருவான்? கூட்டிக்கொண்டு போய்க் காட்டு. திரும்பி வரேக்கை சொல்லுறன்" என்றேன்.

செவ்வாய்க்கிழமை போனோம். அன்று கடையில் கூட்டம் குறைவு. திங்களில் புரூஜின் ஓவிய அருங்காட்சியகம் பூட்டு. பாரிஸின் கார் து நோர் நிலையத்தில் காலை 7.25 ரயில், 8.47க்குப் பிரசெல்ஸ். அங்கே மாறி இன்னும் ஒரு மணி நேரம். போய்வர ஒருவருக்கு 86 யூரோ. மலிவு ரிக்கெற் என்பதால் பாரிஸ் ரயிலை மாற்ற முடியாது, காசும் திரும்பாது. திரும்பும் ரயில் பிரசெல்ஸில் 17.13க்கு. புரூஜ் நிலையத்திலிருந்து அருங்காட்சியகத்துக்கு இருபது நிமிட நடை, டாக்சி தேவையில்லை. நுழைவு எனக்கு 12 யூரோ, இருபத்தாறு வயதுக்குக் குறைந்த ஆரணிக்கு 10.

முதல் அறையிலேயே என் மானம் போனது. ஐந்நூறு ஆண்டுக்கு மேல் பழைய பலகை ஓவியம். அதில் ஒரு கிறிஸ்தவ ஆயர், நீலத்தில் பொன் சரிகைப் பூப்போட்ட மேலங்கியோடு நிற்கிறார். துணி கனம், பட்டு நயம். என்னையறியாமல் பெருவிரலும் சுட்டுவிரலும் அதைப் பிடித்துப் பார்க்க நீண்டுவிட்டன. மணி அலறியது.

"அப்பா! கையை எடுங்கோ!"

"தொடேல்லையடி. துணி என்ன ரகம் எண்டு..."

"அது துணியில்லை, பலகை!"

காவலர் வந்து பிரெஞ்சில், "ஐயா, ஒரு அடி பின்னால். விற்பனைக்கு இல்லை" என்றார். ஆரணிக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

அடுத்த அறையில் சிறிய ஓவியம் ஒன்று. வரைந்தவர் பெயர் தெரியாது என்று எழுதியிருந்தது. சிவப்புச் சரிகை அங்கியோடு ஒரு பெண். பார்த்ததும் எனக்குப் பிடிக்கவில்லை.

"இது கள்ளச் சரக்கு" என்றேன்.

"ஏன்?"

"சேலையை மடிச்சுக் கொய்யகம் வைச்சா பூ மடிப்புக்குள்ளை போய் முறியவேணும். அந்த ஆயற்றை அங்கியிலை முறியுது. இஞ்சை பார், மடிப்புக்கு மேலாலை பூ நேரா ஓடுது. பூ வெட்டின தாளை வைச்சுப் பதிச்சிருக்கிறான்."

ஆரணி குறிப்புப் புத்தகத்தை எடுத்து எழுதத் தொடங்கினாள். நான் சொன்ன எதையும் அவள் எழுதிவைத்து அதுவரை பார்த்ததில்லை.

"பெரிய ஓவியப் பட்டறைகளிலை அப்பிடித்தான் அப்பா. ஒரே பூ அச்சைப் பல படங்களுக்குப் பாவிப்பினம். அதை வைச்சுத்தான் எந்தப் பட்டறை எண்டு தேடுறது. அதைத்தான் நான் படிக்கப் போறன்."

"அப்ப இதே பூ வேறை எங்கையும் இருக்கவேணுமே?"

தேடினோம். நாலு இதழ், நடுவில் மாதுளை, இடப்பக்கக் காம்பு சற்று வளைவு. கடையில் ஆயிரம் சேலைக் கரை பார்த்த கண் இதற்கு உதவியது. மூன்றாவது முறை சுற்றும்போது, கடைசி அறையில், ஒரு அரியணைக்குப் பின்னால் தொங்கிய திரையில் அதே பூ. அதே வளைந்த காம்பு.

"ஆரணி! ஓடி வா!" என்று கத்தினேன். மறுபடியும் அதே காவலர்.

நேரத்தைப் பார்த்தால் நாலரை. 17.13 பாரிஸ் ரயிலை இனிப் பிடிக்க முடியாது. "உங்கடை ரிக்கெற்!" என்று அவள் பதறினாள். "பூட்ட இன்னும் அரை மணி இருக்கு, நீ எழுதி முடி" என்றேன். பிரசெல்ஸில் புதிதாக இரண்டு ரிக்கெற், 164 யூரோ.

ரயில் புறப்பட்ட பிறகுதான் கேட்டாள்: "அப்பா, பதில் சொல்லேல்லையே?"

"ரெண்டு ரிக்கெற்றைத் துலைச்சுப்போட்டு வாறன். இன்னும் வாயாலை வேறை சொல்லவேணுமோ?"

போகிறவர்களுக்கு: சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள், அங்கே விலை அதிகம். இரண்டு மணி நேரம் போதும் என்று இணையத்தில் எழுதியிருப்பதை நம்பாதீர்கள். கையைச் சட்டைப்பைக்குள் வையுங்கள். துணி தெரிந்தவர்கள் போனால், திரும்பும் ரிக்கெற்றை மட்டும் மாற்றக்கூடியதாக எடுங்கள்.