ஊருக்கெல்லாம் அம்மணி

கோயம்புத்தூரில் இன்றைக்கு அம்மணி இல்லாத தெரு கிடையாது. மெஸ்ஸுக்கு அந்தப் பேர், நைட்டிக் கடைக்கு அந்தப் பேர், ரசப்பொடிப் பாக்கெட்டுக்கும் அதே பேர். ஆட்டோவின் முதுகில் எழுதியிருக்கிறது, காலேஜ் பெண்களின் டீ-சர்ட்டில் அச்சடித்திருக்கிறது. கல்யாண மண்டபத்தில் டிஜே வைத்தால் நாலு பாட்டுக்கு ஒரு பாட்டில் அந்தச் சொல் வந்து விழுகிறது. சீரியல்காரர்களுக்கு இன்னும் வசதி. கோவைப் பெண்ணைக் காட்டவேண்டுமென்றால் எதிரே நிற்பவளை அம்மணி என்று கூப்பிட்டு, வார்த்தைக்கு வார்த்தை ஒரு 'ங்க' ஒட்டிவிட்டால் சோலி முடிந்தது. வீட்டுப் பெண்ணைப் பிரியமாகவும் வெளிப் பெண்ணை மரியாதையாகவும் கூப்பிடுகிற சொல் அது. ஆளாளுக்கு எடுத்துப் போர்டில் மாட்டிக்கொண்டார்கள்.

அப்படி மாட்டிக்கொண்டவர்களில் சசிதரும் ஒருவன். ஐடி கம்பெனி வேலை, உக்கடம் பக்கத்தில் ஆண்கள் ஹாஸ்டலில் ஜாகை. அந்த ஹாஸ்டலில் சமையல் செய்தவள்தான் மாசாணம். ஒருநாள் காலையில் தட்டில் பாதி இட்லியை விட்டுவிட்டு எழுந்த ஒருவனை, இடுப்பில் ஒரு கையை வைத்துக்கொண்டு, குரலை உயர்த்தாமல், இழுத்து இழுத்து, மரியாதை கொஞ்சமும் குறையாமல் மாசாணம் வாங்கு வாங்கென்று வாங்கினாள். சசிதர் அதை செல்போனில் எடுத்துப் போட்டுவிட்டான். ஊரே பார்த்தது. அடுத்த மாதமே சேனல் ஆரம்பித்தாயிற்று.

"அக்கா, பேரு பளிச்சுன்னு இருக்கோணும். அம்மணின்னே வெச்சுக்கலாங்களா?" என்று கேட்டான் சசிதர்.

மாசாணம் சட்னிக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். கை ஒரு கணம் நின்றது. "அது எனக்குச் செரி வராதுங்க தம்பி" என்றாள்.

"ஏனுங்கக்கா?"

"சும்மாதானுங்க" என்று சொல்லிவிட்டு மறுபடி துருவினாள். சசிதருக்கு அந்தச் 'சும்மா' விளங்கவில்லை. பேர் வைத்துவிட்டான்.

மாசாணம் பிறந்தது பல்லடத்துக்கும் காங்கேயத்துக்கும் நடுவில், தோட்டக் கூலிகள் குடியிருந்த ஒரு வளவில். அம்மா தோட்டத்துக் கூலி. மாசாணம் நடக்கத் தெரிந்ததிலிருந்து அதே தோட்டத்தில் எருமை ஓட்டினாள், சாணி அள்ளினாள், கடலைக்காய் பறித்தாள். தோட்டத்துக்காரர் மகள் வள்ளியாத்தாளுக்கும் அவளுக்கும் ஒரே வயது. ஒரே வயதாக இருந்தாலும் வள்ளியாத்தாளை மாசாணம் அம்மணி என்றுதான் கூப்பிட வேண்டும், வாங்க போங்க என்றுதான் பேச வேண்டும். மாசாணத்தின் அம்மா, தலை நரைத்தவள், அவளும் அந்த எட்டு வயதுப் பிள்ளையை அப்படித்தான் கூப்பிட்டாள். பதிலுக்கு அந்தப் பிள்ளை அவளைப் பேர் சொல்லி, வாடி போடி என்றது. வளவுக்குள் தாய்மார்கள் தங்கள் பெண்களை அம்மணி என்று கொஞ்சுவதுண்டு. தோட்டத்துப் படல் கதவைத் தாண்டிவிட்டால் அந்தச் சொல் ஒரே பக்கமாகத்தான் போகும், திரும்பி வராது. இதற்கெல்லாம் யாரும் சட்டம் எழுதி வைக்கவில்லை. காற்றில் இருந்தது, பிள்ளைகள் மூச்சோடு இழுத்துக்கொண்டார்கள்.

பிறகு மாசாணம் பல்லடத்தில் தறிக்குடோனுக்கு வேலைக்குப் போனாள், கல்யாணம் ஆனது, உக்கடத்துக்கு வந்தாள். மகள் இளவேனில் இப்போது நர்ஸ். வாழ்க்கையில் பெரிய குறை என்று சொல்ல ஒன்றுமில்லை.

சேனல் வந்த பிறகு கதையே வேறு. பஸ் ஸ்டாண்டில் நின்றால் "அம்மணியக்கா, ஒரு செல்பி" என்று வந்து தோளில் சாய்கிறார்கள். கண்டக்டர் "அம்மணி, முன்னால வாங்க" என்று சீட் பிடித்துக் கொடுக்கிறான். வாட்ஸப்பில் அவள் மூஞ்சியே ஸ்டிக்கராகச் சுற்றுகிறது. மாசாணத்துக்கு இதெல்லாம் பிடித்திருந்தது, பிடிக்காமல் என்ன? ஆனால் யாருக்கும் தெரியாத ஒன்று அவளுக்குத் தெரியும். அந்த இடுப்பில் வைத்த கை, அந்த இழுவை, பேச்சை முடித்துவிட்டு மோவாயைத் தூக்குகிற தூக்கல், ஒன்றுகூட அவளுடையது அல்ல. அத்தனையும் வள்ளியாத்தாள். களத்துமேட்டில் நின்று பார்த்துப் பார்த்து மனசில் ஊறியது.

போன ஆவணியில் ஒரு போன் வந்தது. பல்லடத்தில் புதிதாகத் துணிக்கடை, பேர் அம்மணி, அவள்தான் வந்து ரிப்பன் வெட்ட வேண்டும் என்று ஒரு இளம்பெண் கேட்டாள். பேர் நந்திதா. "எங்கம்மா உங்க வீடியோ ஒண்ணு விடமாட்டாங்க மேம். அப்படியே எங்கம்மாவப் பாக்கற மாதிரியே இருக்குதுங்க" என்றாள். மாசாணம் ஊரைக் கேட்டாள், தோட்டத்தைக் கேட்டாள், அம்மா பேரைக் கேட்டாள். அது வள்ளியாத்தாள் மகளேதான்.

"போகாதம்மா" என்றாள் இளவேனில்.

"போறேன் கண்ணு. அவிய வாயால ஒருக்கா என்னைய அம்மணின்னு கூப்புட்டுக் கேக்கோணும். அவ்வளவுதான்."

"அவங்க கூப்புட்டா என்ன, கூப்புடாட்டி என்ன? ஊரே கூப்புடுது."

"ஊரு கூப்புடறது வேறயாக்கும்."



பட்டுச்சேலை கட்டிக்கொண்டு சசிதரின் காரில் போய் இறங்கினாள். வாசலில் செண்டை மேளம், ட்ரோன் கேமரா, ஜூஸ். நடுநாயகமாக ஒரு குஷன் நாற்காலியில் அவளை உட்கார வைத்தார்கள். வள்ளியாத்தாள் வந்தால் எழுந்திருக்கக் கூடாது என்று வழி நெடுக மனசுக்குள் சொல்லிக்கொண்டே வந்திருந்தாள். வள்ளியாத்தாள் படியேறி வந்தாள். கொஞ்சம் பருத்திருந்தாள், கண்ணாடி போட்டிருந்தாள். மாசாணம் எழுந்துவிட்டாள். எழுந்ததோடு இல்லாமல் நாற்காலியை விட்டு ஓரமாக நகர்ந்து, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். நாற்பது வருஷம் கழித்தும் கால் தானாகப் போய் ஓரத்தில் நிற்கிறது! அவளுக்குத் தன் மேலேயே எரிச்சல் வந்தது.

"அட, உக்காருங்க அம்மணி! நீங்க எந்திரிக்கலாமுங்களா?" என்று வள்ளியாத்தாள் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். கூட்டம் கைதட்டியது. சசிதர் அதை இரண்டு கோணத்தில் எடுத்தான்.

கேட்க வந்ததைக் கேட்டாயிற்று. ஆனால் மனசு நிறையவில்லை. வள்ளியாத்தாளுக்கு அவளை அடையாளமே தெரியவில்லை. கூப்பிட்டது செல்போனில் வருகிற முகத்தை. ரசப்பொடிப் பாக்கெட்டைக் கூப்பிடுவதும் இதுவும் ஒன்றுதான். மாசாணம் ரிப்பன் வெட்டினாள், மைக்கில் நாலு வார்த்தை பேசிச் சிரிக்க வைத்தாள். கேமராவை மூட்டை கட்டிக்கொண்டு சசிதர் சாப்பிடப் போனான். கூட்டம் கலைந்தது. மாசாணம் போகவில்லை.

கடைக்குள் அவளும் வள்ளியாத்தாளும் நந்திதாவும் மட்டும்தான் இருந்தார்கள். "என்னையத் தெரியலீங்களா?" என்றாள் மாசாணம். "மாசாணமுங்க. நம்ம தோட்டத்துல எருமை ஓட்டுனேனே."

வள்ளியாத்தாள் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. பொய்ச் சந்தோஷம் இல்லை, மெய்யாகவே மலர்ந்தது. "அட, மாசாணமா நீயி! ஆகாகா! அதுதானே பாத்தேன், எங்கியோ பாத்த மொகமாட்ட இருக்குதேன்னு. உங்கம்மா இருக்கறாளா, போயிட்டாளா?"

"போய்ச் சேந்துட்டாங்க."

"பாவம், நல்ல பாடுபடறவ. நந்து, இவ ஆருன்னு தெரியுமா? நம்ம தோட்டத்துல சாணி அள்ளுன மாசாணம்! என்னமா வந்துட்டா பாரு!" ஒரு மூச்சில் 'வாங்க' 'வா' ஆகிவிட்டது, 'அம்மணி' போன இடம் தெரியவில்லை. நந்திதா என்ன செய்வதென்று தெரியாமல் பாதி சிரித்தாள். வள்ளியாத்தாள் சுற்றுமுற்றும் பார்த்தாள். விருந்தாளிகள் உட்கார்ந்த நீள பெஞ்சு வழியை அடைத்துக்கொண்டு கிடந்தது. "மாசாணம், அந்த பெஞ்ச அக்கட்டால தூக்கிப் போடு சாமி, நடக்க வளியில்ல" என்றாள். அவள் மனசில் ஒரு கெடுதலும் இல்லை. தண்ணீர் குடிப்பது போலச் சொல்லிவிட்டாள்.

மாசாணம் குனிந்துவிட்டாள். கை பெஞ்சின் ஒரு முனையைப் பிடித்தும்விட்டது. பிடித்த பிறகுதான் உறைத்தது. இதற்கா பட்டுச்சேலை கட்டிக்கொண்டு இத்தனை தூரம் வந்தோம் என்று இருந்தது. விட்டுவிட்டுப் போய்விடலாம், இடுப்பில் கை வைத்து நாலு கேட்டுவிடலாம். ஆனால் அந்த நாலும் வள்ளியாத்தாளிடமிருந்து கடன் வாங்கிய பேச்சாகத்தான் இருக்கும். தன்னுடையதாக என்ன சொல்வது என்று தேடினாள். இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட அவள் வாயில் வராத சொல் ஒன்று இருந்தது.

பெஞ்சை விடாமல் நிமிர்ந்து பார்த்தாள். "நீளமா இருக்குது, ஒருத்தியால ஆகாது" என்றாள். "அந்தப் பக்கம் நீ ஒரு கை புடி, வள்ளி."

 நந்திதா அம்மாவைப் பார்த்தாள். வள்ளியாத்தாளின் முகம் சிவந்தது. மாசாணம் முனையை விடவில்லை, பார்வையையும் எடுக்கவில்லை. தூக்கி எறிந்து பேசினாலும் பேசட்டும், போகச் சொன்னாலும் சொல்லட்டும் என்று நின்றாள்.

வள்ளியாத்தாள் கண்ணாடியை மறுபடி மாட்டினாள். மெதுவாக நடந்து வந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து, பெஞ்சின் மறுமுனையைத் தூக்கினாள். அவளுக்குப் பெஞ்சு தூக்கிப் பழக்கமில்லை. கோணலாகத் தூக்கிவிட்டுத் தடுமாறினாள்.

"எங்கீங்க வெக்கறது?" என்று, ஆள் தெரிந்தே 'ங்க' போட்டுக் கேட்டாள்.

"அந்தச் செவுத்தோரமாங்க" என்றாள் மாசாணம். "பாத்து வாங்க, கால்ல போட்டுக்காதீங்க."