தணிக்கையில் நின்ற அண்ணாச்சி

சின்னதுரை புனே நகரின் கட்கி பகுதியில் ஓர் ஆயுதத் தொழிற்சாலையில் குண்டுக்கூடு கடைந்து ஓய்வு பெற்றவர். சொந்த ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். இப்போது புனேக்கு அருகே நிக்டியில் மகளோடு இருக்கிறார். சோவியத் இயந்திரங்களோடு வந்த பொறியாளர்களிடம் ரஷ்ய மொழி படித்தவர். உக்ரைன் சண்டையை மூட்டியது அமெரிக்காதான் என்று இன்றும் வாதாடுவார்.

அவரைப் புனேயின் இன்னொரு மூலையான கராடிக்கு அழைத்து வந்தது, அங்கேயே இந்தி பேசி வளர்ந்த தமிழ்ப்பெண் ப்ரீதி. ரஷ்யச் சிறையிலிருக்கும் போர் எதிர்ப்பாளர்களுக்கு ஞாயிறுதோறும் அவள் வீட்டில் நாங்கள் சிலர் கடிதம் எழுதுவோம். வெளிநாட்டு வேலைக்கு நான் கேட்டிருக்கும் விசாவுக்கு இதனால் ஏதாவது சிக்கல் வருமோ என்ற பயத்தோடுதான் நான் போவேன். ரஷ்ய மொழியில் இல்லாத கடிதத்தைச் சிறைத் தணிக்கை உள்ளே விடாது. எங்களில் யாருக்கும் அந்த மொழி தெரியாது.

"அவங்க சொல்லுதது எனக்கு ஒப்பாதும்மா. அதுக்காவ ஜெயில்ல போடுததா?" என்றபடி சின்னதுரை பேனாவை எடுத்தார்.

அவர் எழுதியது ஒலேக் என்ற பள்ளி ஆசிரியருக்கு. வகுப்பில் போர் தப்பு என்று சொன்னதற்கு ஏழு வருடம். தொழிற்சங்கப் பழக்கத்தில் சின்னதுரை 'தவாரிஷ்', அதாவது தோழர், என்று தொடங்கினார். ஒலேக் பதில் எழுதினார்: "அந்தச் சொல் வேண்டாம். என் தாத்தாவைச் சுட்டவர்கள் ஒருவரையொருவர் அப்படித்தான் கூப்பிட்டுக்கொண்டார்கள். ஆனால் எழுதுவதை நிறுத்திவிடாதீர்கள். எனக்கு வேறு கடிதம் வருவதில்லை."

சின்னதுரைக்கு முகம் சிறுத்துவிட்டது. சில வாரங்கள் கழித்துத்தான் வந்தார்.

"அங்கிள், சிம்பிளா 'அன்புள்ள'ன்னு போடுங்க நா," என்றாள் ப்ரீதி.

"எம் பொண்டாட்டிக்கே அப்படி எழுதுனதில்ல."

"ஆன்ட்டி பாவம்."

அவர் யோசித்து, ரஷ்ய எழுத்தில் 'அண்ணாச்சி' என்று எழுதினார். "வயசெல்லாம் கெடயாது. எங்கூர்ல மதிக்கிற ஆளு எவனும் அண்ணாச்சிதான்," என்றார். எழுதி முடித்ததும் லேசாகச் சிரித்தார். எங்களுக்கும் பிடித்திருந்தது.

வெகுநாள் பதில் இல்லை. பிறகு ஒலேக்கின் வழக்கறிஞரிடமிருந்து ப்ரீதிக்கு மின்னஞ்சல் வந்தது. ஒலேக்கைத் தனிச்சிறையில் வைத்திருக்கிறார்கள், இருமல் நிற்கவில்லை. இந்தியப் பெரியவரை நோகடித்துவிட்டேன், அதனால்தான் அவர் எழுதுவதில்லை என்று சொல்லிக்கொண்டே இருக்கிறாராம்.

அதே வாரம் கடிதமும் திரும்பி வந்தது. 'அண்ணாச்சி'யைச் சுற்றிச் சிவப்புக் கோடு. பக்கத்தில் ரஷ்ய மொழியில் எழுதியிருந்ததைச் சின்னதுரையே படித்துச் சொன்னார்: "சங்கேதச் சொல்லாம்."

அன்றே நடந்ததை விளக்கி எழுதினார். ப்ரீதி உடனே வழக்கறிஞருக்கு அனுப்பினாள். அடுத்த ஞாயிறு பதில் வந்திருந்தது. ஒலேக்கை வேறு சிறைக்கு மாற்றிவிட்டார்கள். எங்கே என்று சொல்ல மறுக்கிறார்கள்.

"விஷயத்த அவன்கிட்டச் சொல்லிட்டாராம்மா, வக்கீலு?"

"நஹி அங்கிள். லெட்டர் போறதுக்கு முன்னாடியே கூட்டிட்டுப் போயிட்டாங்க."

"அப்போ நான் கோவத்துல இருக்கேன்னே நெனச்சிக்கிட்டுப் போயிருக்கான்."

ப்ரீதி மடிக்கணினியைத் திறந்து, ஒலேக் இருக்கும் இடம் தெரிந்தால் உடனே சொல்லும்படி வழக்கறிஞருக்கு எழுதத் தொடங்கினாள்.