அசனச் சோறு வாங்கியவர்கள்

ஞாயிறு ஆராதனையில் ஜெபக்குறிப்பு வாசிக்கும் போதகரை, சபை நடுவே எழுந்து நின்று திருத்துகிற ஒரு பெண்ணை நீங்கள் பார்த்ததுண்டா?

"ஒரு சகோதரியின் குடும்பக் காரியத்துக்காக ஜெபிப்போம்" என்று போதகர் சொல்லி வாய் மூடுமுன், பெண்கள் பக்கத்தில் மூன்றாம் வரிசையிலிருந்து ஒரு முக்காடு உயர்கிறது.

"முழுசா வாசிங்கய்யா. எம் புருசன் ஜெயச்சந்திரன் அந்த ஞாயித்துக்கெழம மருந்து கலக்கல. அந்த உண்ம வெளிய வரணும். அப்படித்தான எழுதிக் குடுத்தேன்?"

போதகர் இருமுகிறார். முழுதாக வாசிப்பதில்லை. அவர் கையிலிருக்கும் ஒலிவாங்கி முதல் வெளியே நிற்கும் சுற்றுச்சுவர் வரை பட்டாசுக் கம்பெனி முதலாளியின் நன்கொடை. அப்பெண் தன் குறிப்புக்குத் தானே "ஆமென்" சொல்லி உட்கார்கிறார். அடுத்த ஞாயிறும் எழுவார்.

பெயர் ஞானக்கனி. ஐம்பதைத் தாண்டியவர். ஆமத்தூருக்குப் பக்கத்துக் கிராமம். திருத்தங்கலில் ஒரு பைண்டிங் கடையில் நாள்காட்டிகளுக்குத் தகரம் பிடிக்கிற வேலை. ஆடியிலேயே அடுத்த வருடத்துத் தேதிகள் இவர் மடியில் குவிந்து கிடக்கும். கூட வேலை செய்கிற பெண்கள் விடமாட்டார்கள். "அடுத்த வருசத்தையே கையில வச்சிருக்கீகளேக்கா, தீர்ப்பு எந்தத் தேதின்னு புரட்டிப் பாருங்களேன்!"

"தேதிதாம்ட்டி போட்டிருக்காக. என்ன நடக்கும்னு போடலயே" என்பார், தகரத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

வேலைக்குப் போகும் பேருந்தில் ஏறியதும் தன் துணிப்பையைப் பக்கத்து இருக்கையில் போட்டு, பிந்தி வருகிறவளுக்கு இடம் பிடித்துவிடுவார். நடத்துநர் முறைத்தால், "வந்துருவாய்யா, அந்தா ஓடியாரா பாருங்க" என்பார். சில நாள் யாரும் ஓடி வருவதில்லை. பையை எடுக்கவும் மாட்டார்.

நடந்தது இது. சில வருடங்களுக்கு முன், சீசன் உச்சத்தில், ஒரு திங்கட்கிழமை காலை, அந்தக் கம்பெனியில் பட்டாசு மருந்து கலக்கும் அறை வெடித்தது. ஐந்து பேர் செத்தார்கள். அறையை முதலில் திறந்த ஜெயச்சந்திரனும் அதில் ஒருவர். கலந்த மருந்தை மிச்சம் வைத்து இரவு தாண்ட விடக்கூடாது என்பது அந்தத் தொழிலின் முதல் பாடம். முந்தின நாள், ஞாயிறன்று, ஜெயச்சந்திரன்தான் கலந்தார், மிச்சத்தை அப்படியே விட்டுப் போனார், அதுதான் வெடித்தது என்கிறது கம்பெனி. செத்தவன் எழுந்து வந்து மறுக்கவா போகிறான்?

அவர் ஞாயிறு வேலைக்குப் போகாத ஆள். "உங்க சாமிக்கு ஞாயித்துக்கெழம லீவு. நம்ம ஆர்டருக்கு லீவு கெடையாதுலே" என்று போர்மேன் கேலி செய்வான். கேட்டுக்கொண்டே சனிக்கிழமை சாயங்காலம் கையைக் கழுவிவிட்டு வருவார். அதிலும் அந்த ஞாயிறு ஊரில் அசனம். வருடத்துக்கு ஒருமுறை சபையே கூடிச் சமைத்து, ஏழை பணக்காரன் பாராமல் ஒரே பந்தியில் உட்கார்ந்து உண்கிற திருநாள். விடியுமுன் அண்டாவை அடுப்பேற்றியவர் ஜெயச்சந்திரன். பந்தி பந்தியாகச் சோறு போட்டவரும் அவர்தான். அன்று அவர் கையால் வாங்கித் தின்னாதவர் சபையில் இல்லை.

போலீஸ் வந்து கேட்டபோது ஒருவருக்கும் நினைவில்லை. படம் எடுத்தவர்கள் கைப்பேசி மாற்றிவிட்டார்கள். பாதி வீடுகளுக்கு அந்தக் கம்பெனிதான் அடுப்பு. மீதிப் பேருக்கு ஆளுக்கொரு வசனம் இருந்தது: "பொறுமையா இரும்மா. ஆண்டவர் பாத்துக்கிடுவார்."

மனிதன் வாயைத் திறக்க வேண்டிய இடத்தில் கடவுளைக் கைகாட்டுவது எவ்வளவு சௌகரியமான பக்தி! கடவுள் உண்டா இல்லையா என்ற வழக்கு ஒரு பக்கம் கிடக்கட்டும். அந்தப் பந்தியில் உட்கார்ந்து தின்றவர்கள் உண்டல்லவா?

ஞானக்கனிக்கு அவர்கள்மேல் இருக்கிற கோபம் ஆண்டவர்மேல் இல்லை. விளக்கு வைக்கும் நேரத்தில் முழங்காலிட்டு, பேருந்து நிலையத்தில் நேரக்காப்பாளரிடம் கேட்பதுபோலக் கேட்கிறார்: "என்னய்யா, இன்னைக்கும் ஒண்ணுமில்லையா?" சற்று நேரம் காதுகொடுக்கிறார். "சரி, நாளைக்கு வாரேன்."

நாளைக்கும் வருகிறார். புருஷன்மேல் விழுந்த பழிக்கு எதிராகப் போட்ட வழக்கின் வாய்தா நாளில் விருதுநகர் நீதிமன்றத்துக்கும் அப்படியே. வராந்தா மரப்பெஞ்சில் உட்கார்ந்து பையைப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறார். அவருக்காக வழக்காடும் பாண்டிமுருகனுக்கு எந்தச் சாமியும் கிடையாது.

"உங்க கர்த்தர் எந்த வாய்தாவுக்கும்மா வருவாரு?"

"அவரு வருவாரு தம்பி. போன வாய்தாவுக்கு நீங்கதான் லேட்டு."

வக்கீல் சிரித்துவிட்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "அன்னைக்கு அவர் கோயில்லதான் இருந்தார்னு ஊர்ல ஒரு ஆளாவது வந்து சொல்லணும்மா. நீங்க மட்டும் சொன்னா, பொண்டாட்டி அப்படித்தான் சொல்லுவான்னுருவாங்க. இன்னும் எம்புட்டு நாள் காத்துக்கிட்டிருப்பீங்க?"

"அதுக்குத்தான ஞாயித்துக்கெழம எந்திரிச்சு நிக்கேன்."

இந்த வருட அசனத்தில், புருஷன் நின்ற இடத்தில் போய் நின்று சோற்று வாளியைத் தூக்கினார். சபை மூப்பர் ஒருவர் தடுத்தார். அசையவில்லை. ஒவ்வோர் இலைமுன்னும் குனிந்து, சோற்றைப் போட்டு, ஒரே கேள்வி: "அந்த வருசம் இதே பந்தியில யாரு கையால வாங்கித் தின்னீக?"

இலையைப் பார்த்தவர்கள், அப்பளத்தை நொறுக்கியவர்கள், "கொழம்பு எங்க?" என்று பின்னால் திரும்பியவர்கள்.

"சோத்தப் போட்டுக்கிட்டே வழக்காடுதியாக்கும்?" என்றார் மூப்பர்.

"வழக்கு அங்கன நடக்கு அண்ணாச்சி. இங்கன சோறுதான் போடுதேன். பசியோட யாரும் எந்திரிக்க வேண்டாம்."

வரிசையின் கடைசியில் இசைவாணி. அதே அறையில் மகளைப் பறிகொடுத்தவர். கருகிய மகளைப் புதைத்த அன்று, ஞானக்கனியின் வாசலில் மண்ணை வாரித் தூற்றியவர். அதற்குப் பிறகு இருவரும் பேசியதில்லை. இசைவாணியின் மகன் கம்பெனியில் லோடு வண்டி ஓட்டுகிறான்.

ஞானக்கனி சோற்றைப் போட்டார். கேட்காமலே நகரப் போனார்.

"ஏன், எங்கிட்ட மட்டும் கேக்க மாட்டீகளோ?"

ஞானக்கனி நின்றார்.

"எம் பிள்ள இலையில நல்லியெலும்பப் பொறுக்கிப் போட்டாரு. 'மாமா, இன்னொண்ணு'ன்னு கேட்டா அவ. ரெண்டாவதும் போட்டாரு." இசைவாணியின் குரல் உயர்ந்தது. பக்கத்து இலைகளில் கைகள் நின்றன. "இருட்டுற வரைக்கும் அண்டா வெளக்கினாரு. நாந்தான் சாம்பல் அள்ளிக் குடுத்தேன். தெரியும்க்கா. மண்ண வாரித் தூத்துனப்பவும் தெரியும்."

ஞானக்கனி வாளியைக் கீழே வைத்து, இசைவாணியின் இலையில் கிடந்த சோற்றை நடுவே குழித்து, குழம்புக்காரனைக் கைகாட்டி அழைத்தார்.

அடுத்த வாய்தா. அதே வராந்தா, அதே பெஞ்சு, பக்கத்தில் பை. செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவர் கை பையின் காதுக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தது. பகல் ஏறிய பிறகு படியில் இசைவாணி வந்தார், வியர்த்து, யாரையோ பார்த்துவிட்டவர்போல முந்தானையை முகத்துக்கு இழுத்துக்கொண்டு.

"மகன வேலைக்கு வர வேண்டாம்னுட்டாகக்கா" என்றார். "நான் சொல்ல வந்தத சொல்லிட்டுத்தான் போவேன்."

ஞானக்கனி பையை எடுத்தார். இசைவாணி உட்கார்ந்தார். பிறகு ஞானக்கனி பையைத் தூக்கித் தன் மறுபக்கத்தில் வைத்து, அடுத்த ஆளுக்கு இடம் பிடித்தார்.

பை இன்னும் அங்கேதான் இருக்கிறது. அந்த ஞாயிறு அந்தப் பந்தியில் நீங்களும் இலைமுன் உட்கார்ந்திருந்தால், அடுத்த வாய்தாவுக்கு விருதுநகருக்கு வண்டியேறுங்கள். வந்து, அந்தப் பையை எடுக்கச் சொல்லுங்கள்.