கனடா மகளுக்கு நீல ஸ்வெட்டர்

எனக்குப் பிள்ளைகள் கிடையாது. ஆனாலும் போன ஜூனிலிருந்து இந்த ஜனவரி வரை கனடாவில் எனக்கு ஒரு மகள் இருந்தாள். ஐம்பத்து மூன்று வயதில், செம்பூரிலிருந்து அலுவலகம் போகும் லோக்கல் ரயிலில், பெண்கள் பெட்டியில், ஒரு கேள்விக்குப் பதிலாக அவளைப் பெற்றெடுத்தேன்.

பழியை ஒரு பின்னல் புத்தகத்தின் மேல் போடலாம். அலுவலகத்தில் என் தலைக்கு நேர் மேலே ஏசி. எனக்கு நானே ஒரு ஸ்வெட்டர் பின்னிக்கொள்ளலாம் என்று அந்தப் புத்தகத்தை இணையத்தில் வரவழைத்தேன். அதில் எல்லாம் பருவவாரியாக இருந்தன. இலையுதிர்காலத்துக்கு மெல்லிய ஸ்வெட்டர், வசந்தத்துக்குத் துளைத் துளையாக ஒரு சால்வை, பனிக்காலத்துக்கு விரலில்லாத கையுறை. குளிர்வதே விரல்தானே? அதை வெளியே விட்டுவிட்டு உள்ளங்கைக்கு உறை போடுவது எந்த ஊர் நியாயம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. இலையுதிர்காலம் என்று செம்பூரில் தனியாக ஒன்று இல்லை. எங்கள் கட்டடத்தில் வருஷம் முழுவதும் உதிர்வது சுவர்க்காரை. வசந்தகாலச் சால்வையோ குளிரையும் தடுக்காது, கொசுவையும் தடுக்காது.

படங்களைப் பற்றியும் எனக்கு அபிப்பிராயம் உண்டு. எல்லாப் படத்திலும் ஒரு பெண் கையில் கோப்பையோடு ஜன்னலோரம் தனியாக உட்கார்ந்து புன்னகைக்கிறாள். விவாகரத்துக்குப் பிறகு பதினோரு வருஷமாக நானும் அப்படித்தான் ஜன்னலோரம் கோப்பையோடு உட்கார்கிறேன். ஸ்வெட்டர் இல்லாததுதான் ஒரே குறை என்று அந்தப் புத்தகம் என்னை நம்பவைத்துவிட்டது.

செம்பூரில் ஏறினால் நாலாவது ஸீட் கிடைக்கும். மூன்று பேர் இருக்கையின் ஓரத்தில் பாதி உடம்பை ஒட்டவைத்துக்கொள்வதற்கு பம்பாயில் அந்தப் பெயர். அப்படி ஒட்டிக்கொண்டு முதல் நாள் நீல நூலை எடுத்தபோது பக்கத்தில் இருந்த மராட்டி ஆசிரியையின் விலாவில் ஊசி பட்டது. அவர் கோபப்படவில்லை. "கிஸ்கே லியே?" என்றார். யாருக்கு?

எனக்குத்தான் என்பது உண்மை. ஆனால் சொல்ல வாய் வரவில்லை. சொல்லியிருந்தால் பேச்சு அதோடு முடிந்திருக்கும். ஆறு வருஷமாக அந்தப் பெட்டியில் என்னிடம் கேட்கப்பட்ட ஒரே கேள்வி, "எங்கே இறங்குவீர்கள்?" அதுவும் என் இடத்துக்காக.

"மகளுக்கு. கனடாவில் இருக்கிறாள்" என்றேன்.

அவ்வளவுதான், பெட்டியே திரும்பியது. சுனாபட்டியில் ஏறி என் எதிரே கம்பியைப் பிடித்து நிற்கும் பெண்ணும் குனிந்து, நூலையும் மடியில் விரித்திருந்த புத்தகப் படத்தையும் பார்த்தாள். திருநெல்வேலிப் பக்கத்துக்காரி, மஸ்ஜித் பந்தர் பக்கம் ரவிக்கை தைக்கும் கடை வைத்திருந்தாள்.

"பிள்ளைக்குன்னு சொல்லுதீய, இம்புட்டு மெல்லிசா பின்னுதீயளே. அங்க வெறைச்சுப் போயிரும்லா."

"இது இலையுதிர்கால பேட்டர்ன்" என்றேன்.

"எல எப்பமும் உதுந்துக்கிட்டேவா கெடக்கும்? பெறவு பனி வரும்லா. படத்துல கழுத்து வேற பெருசா இருக்கு."

அன்றிலிருந்து தினமும் ஆலோசனை. கை நீளமாக வேண்டும் என்றார் ஆசிரியை. பொத்தான் வேண்டாம், குளிரில் விரல் மடங்காது என்றாள் தையல்காரி. என் மகளுக்கு ரோஸ் நிறம் பிடிக்காமல் போனது, படிப்பு முடிந்தது, சைனஸ் வந்தது. சைனஸுக்கு ஆசிரியை கைவைத்தியம் எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டை என் பர்ஸில் வைத்துக்கொண்டேன்.

ஆகஸ்டில் முதுகுப்பக்கம் முடிந்தது. இந்த வேகத்தில் போனால் கணபதி பண்டிகைக்குள் மகள் தீர்ந்துவிடுவாள் என்று பயம் வந்தது. வீட்டுக்குப் போய், இட்லி வேகும் நேரத்தில் இருபது வரிசையைப் பிரித்தேன். பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. காலையில் ரயிலில் பின்னுவது, மாலையில் தனியாக உட்கார்ந்து பிரிப்பது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஊசியைத் தொடவே மாட்டேன். யாரும் கருத்துச் சொல்லாத இடத்தில் எதற்குப் பின்னுவது?

ஜனவரியில் ஒருநாள் தையல்காரி சந்தோஷமாக ஏறினாள்.

"அக்கா, எங்க நாத்தனா மவன் வார செவ்வாக்கெழம கனடா போறான். சீக்கிரம் முடிங்க. அட்ரஸையும் எழுதித் தாங்க, பிள்ள கையில கொண்டு குடுத்துருவான்."

வாங்கிக்கொள்ளக் கை இல்லாத இடத்துக்கு முகவரி எப்படி எழுதுவது? "நாளைக்குத் தருகிறேன்" என்றேன். மறுநாள் முந்தைய வண்டியில் போனேன். அதற்கு மறுநாளும். அந்த வண்டியில் நாலாவது ஸீட் கிடைத்தது, ஊசியை எடுத்தேன், ஒருவரும் எதுவும் கேட்கவில்லை. பின்னல் தடங்கலில்லாமல் வளர்ந்தது. நாலே நாளில் கழுத்து உட்பட முடிந்துவிட்டது. ஸ்வெட்டர் இவ்வளவு சுலபமான காரியம் என்று எனக்கு அதுவரை தெரியாது.

செவ்வாயும் போனது. மறுநாள் பழைய வண்டிக்கே வந்தேன், ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு. பெட்டியில் எல்லோரும் புடவைத் தலைப்பால் விசிறிக்கொண்டிருந்தார்கள். எனக்கு முதுகில் வியர்வை வழிந்தது. ஆசிரியை என்னை மேலும் கீழும் பார்த்தார். சுனாபட்டி வரும்வரை காத்திருந்து, தையல்காரி கம்பியைப் பிடித்ததும், இருவருக்கும் புரியும்படி இரண்டு மொழியிலும் சொன்னேன்: "எனக்கு மகள் கிடையாது."

ஆசிரியை என் முழங்கையைத் தொட்டார். தையல்காரிதான் பேசினாள்.

"அது தெரியும்க்கா. கண்ணாலயே அளவெடுக்கவ நான். ஒவ்வொரு தடவையும் ஒங்க தோள்ல வச்சுத்தான பாத்தீய? முந்தின நாளு பின்னுனது மறுநாளு கொறஞ்சிருந்ததும் தெரியும்."

"பிறகு ஏன் முகவரி கேட்டீங்க?"

"என்னைக்குத்தான் முடியும்னு பாக்கதுக்கு. ஏழு மாசமா இந்த ஒரு நீலத்தையே பாத்துக்கிட்டு வாரோம்லா."

சொல்லிவிட்டு, ரயில் ஆட்டத்தில் என் மேல் சாய்ந்தபடியே, தொளதொளவென்றிருந்த கழுத்தை இரண்டு விரலால் இழுத்துப் பார்த்தாள்.

"கழுத்தப் பாத்தீயளா? மவ இருந்திருந்தாலும் இதப் போட்டிருக்க மாட்டாக்கா."