பட்டாவில் கிடைத்த கொள்ளுத் தாத்தா

சிங்கப்பூரில் இருந்துகொண்டு, தமிழ்நாட்டில் என் முன்னோர்கள் யார் என்று இரண்டு வருடம் இணையத்தில் துழாவினேன். பழைய கப்பல் பயணிகள் பட்டியல்களில் ஒன்றும் சிக்கவில்லை. கடைசியில் அரசாங்கத்தின் நிலப் பதிவுத் தளத்தில், அப்பா சொன்ன கிராமத்தைத் தேடியபோது, ஒரு பட்டாவில் என் கொள்ளுத் தாத்தாவின் பெயர் இருந்தது. துள்ளிவிட்டேன். அதை அப்படியே அந்த ஊர் ஃபேஸ்புக் குழுவில் போட்டு, "இவர் என் கொள்ளுத் தாத்தா. இந்த நிலம் இப்போது யாரிடம் இருக்கிறது?" என்று கேட்டு, என் கைப்பேசி எண்ணையும் கொடுத்தேன்.

வசைதான் வந்தது. "சிங்கப்பூர்க்காரன் பங்கு கேட்டு வந்துட்டான்" என்றார் ஒருவர். நானும் விடவில்லை. நாகரிகம் தெரியாத கூட்டம் என்று பதிலுக்கு எழுதினேன்.

அந்த நிலத்தில் இப்போது குடியிருப்பவரின் மகன் இங்கே துவாஸ் தொழிற்பேட்டையில் வேலை செய்கிறானாம். அழைத்து, ஞாயிற்றுக்கிழமை தேக்கா சந்தைக்கு வரச் சொன்னான். வந்தவன் உட்காரக்கூட இல்லை.

"அவரு எனக்கும் கொள்ளுத் தாத்தாதான் சார். அந்த நிலத்துலதான் எங்க வீடே இருக்கு. எங்க அப்பா மூணு நாளா சரியா சாப்பிடல. நல்லா இருக்கீங்களான்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா? எடுத்ததும் பட்டாவப் போடுறீங்க."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "உங்க நிலம் எனக்கு எதுக்கு லா? பாசிர் ரிஸ்ல சொந்த வீடு இருக்கு."

"அத அங்கயே எழுதிடுங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

எழுதினேன். பிறகு, கணினியில் நான் போட்டு வைத்திருந்த வம்ச வரைபடத்தைத் திறந்து அவனைச் சேர்க்கப் போனேன். செத்துப்போனவர்களின் பெயர்களெல்லாம் அதில் இருந்தன. என் முன்னால் வந்து நின்ற ஒரே சொந்தக்காரனிடம் நான் பெயர்கூடக் கேட்டிருக்கவில்லை.

அவன் எண் என்னிடம் இருக்கிறது. அழைத்துக் கேட்கத்தான் முகமில்லை.