பால்ட்ஸின் வளையமும் வெளியூர் நீதிபதிகளும்

பால்ட்ஸ் ட்ரூம்பி கோயில் பக்கம் போவது அபூர்வம். ஆனால் மே மாதத்து முதல் ஞாயிறு, கிளாருஸ் ஊர்ச் சதுக்கத்தில் சட்டம் முடிவுசெய்ய மக்கள் வளையம் கூடினால், மனிதர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொள்வார். மர ஆலை முதலாளி, அறுபதைத் தாண்டியவர், கண்ணும் கலங்கும். ஆயிரக்கணக்கானவர்கள் தோளோடு தோள் நின்று வாக்குரிமைச் சீட்டைத் தூக்கினால் அது சட்டம். எண்ணுவது கிடையாது. மேடையில் நிற்கும் தலைவர் கண்ணால் அளந்து எந்தப் பக்கம் அதிகம் என்பார், அதற்கு மறுபேச்சில்லை. சிறுவயதில் முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்த நாள்முதல், இதைவிடப் பெரிய அதிசயம் உலகத்தில் உண்டென்று அவர் நம்பியதில்லை.

அந்த அதிசயத்தின் தலையில்தான் இடி விழுந்தது. அவருடைய ஆலையிலேயே மரம் இழைக்கும் ரெகுலா, ஊர் பார்க்கச் சீட்டைத் தூக்கப் பயமாயிருக்கிறது, ரகசிய வாக்கு வேண்டும் என்று ஐரோப்பிய நாடுகளுக்கெல்லாம் பொதுவான நீதிமன்றத்துக்குப் போனாள். நீதிபதிகளும் அவள் பக்கமே தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள்.

"வெளியூர் நீதிபதி நமக்கு வேண்டாம்னுதானே முப்பாட்டன் காலத்துலயே சத்தியம் பண்ணாங்க!" என்று பால்ட்ஸ் ஆலையில் குதித்தார். "இருக்கற சட்டத்தைப் படிச்சுச் சொல்றதுதான் நீதிபதி வேலை. இவங்க இல்லாததை எழுதி வாசிக்கறாங்க. அவங்களுக்கு யாரு ஓட்டுப் போட்டா? ஆமா, நீ யாருக்குப் பயப்படறே ரெகுலா?"

"நீங்க கேக்கறது மெஷினைவிடச் சத்தமா இருக்கு பால்ட்ஸ்," என்றாள் அவள்.

அவளை அவர் வேலையை விட்டு நிறுத்தவில்லை. அந்தப் பெருந்தன்மையை அவரே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அந்த வருஷம் வளையத்தின் முன் வந்த கேள்வி ஒன்றுதான்: வளையம் இருப்பதா, வாக்குப்பெட்டிக்குப் போவதா? பால்ட்ஸ் மேடையேறிப் பேசினார். "நம்ம மாட்டுச் சாணி வாசனைகூடத் தெரியாதவங்க நமக்கு வாய்ப்பூட்டுப் போடறதா?" சிரிப்பு அலையலையாக எழுந்தது. இறங்கி வந்து, தன் ஆலை ஆட்களுக்கு முன்னால் நின்றுகொண்டார்.

வளையத்துக்காகச் சீட்டுகள் உயர்ந்தன. பிறகு பெட்டிக்காக. எது அதிகம் என்று தலைவருக்குப் பிடிபடவில்லை. "இன்னொரு தடவை. வளையம் வேணும்னு சொல்றவங்க?"

தன் ஆட்களில் ஒருவர்கூடச் சோம்பிவிடக் கூடாதே என்று பால்ட்ஸ் சீட்டைத் தூக்கிக்கொண்டே திரும்பிப் பார்த்தார். ஐந்து பேர். ஒருவரும் மேடையைப் பார்க்கவில்லை. ஐந்து ஜோடிக் கண்களும் அவர் கையின்மேல் இருந்தன. சந்தேகத்தில் கையைக் கொஞ்சம் தாழ்த்தினார். ஐந்து சீட்டும் தாழ்ந்தன. உயர்த்தினார். உயர்ந்தன. வாழ்நாளெல்லாம் முன்னால் நின்றவருக்கு முதுகுக்குப் பின்னால் நடந்தது இன்றைக்குத்தான் தெரிந்தது. எங்கோ உட்கார்ந்திருக்கும் முகம் தெரியாத அந்த நீதிபதிகள் இதை எப்படிப் பார்த்தார்கள்? அந்த ஐவருக்குப் பக்கத்தில் ரெகுலா ஒருத்திதான் அவரைப் பார்க்காமல் நேரே நின்றாள்.

பால்ட்ஸ் சீட்டைச் சட்டைப்பைக்குள் வைத்தார். பின்னால் ஐவரும் வைத்தார்கள்.

"வளையம் நிலைக்கும்!" என்றார் தலைவர்.

சதுக்கமே ஆர்ப்பரித்தது. பால்ட்ஸுக்குக் கைதட்ட மனம் வரவில்லை. அவர் ஆட்களும் தட்டவில்லை.